நாற்பத்து மூன்றாவது இடம்

லண்டன்
8 பிப்ரவரி 1981

அன்புள்ள அக்கா நோரீனுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? கை வெடிப்புக்கு நான் வாங்கிக் கொடுத்த களிம்பைத் தடவுகிறாயா, இல்லை டப்பாவை ஜன்னலில் வைத்து அழகு பார்க்கிறாயா?

எங்கள் மூன்றாவது ரெக்கார்டு முடிந்துவிட்டது. பாட்டின் பெயர் ‘ஈரச் செவ்வாய்’. சிரிக்காதே. வரிகளும் மெட்டும் என்னுடையவை, பெயர் வைத்ததும் பாடியதும் கீத். முதல் இரண்டு ரெக்கார்டும் போன இடம் தெரியாமல் போனது உனக்குத் தெரியும். இசைப் பத்திரிகை ஒன்று எங்களைப் பற்றி எழுதியதே ஒரே ஒரு வரிதான்: ‘கிரிம்ஸ்பியிலிருந்து வந்திருக்கிறார்கள், மீன் வாடை வீசுகிறது.’ கீத் அதைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறான்.

கம்பெனிக்காரர் போன வாரம் கூப்பிட்டார். “பசங்களா, உங்க மேல எனக்குக் கோபமே இல்ல. ஆனா ரெண்டு ரெக்கார்டு போட்டாச்சு, உங்க அம்மாமாரைத் தவிர ஒருத்தரும் வாங்கல. இது முதல் நாப்பதுக்குள்ள வந்தா மேல பேசலாம். வராட்டி நல்லபடியா ஊரு போய்ச் சேருங்க” என்றார். எனக்கு அம்மாவும் இல்லை ஐயா, அக்காதான் என்று சொல்ல வாயெடுத்து விழுங்கிக்கொண்டேன். நாற்பதுக்குள் வந்தால் ஞாயிறு மாலை ரேடியோவில் போடுவார்கள், வியாழக்கிழமை டிவிக்குக் கூப்பிடுவார்கள். நாற்பத்தொன்று என்றால் நீ யாரோ, நான் யாரோ.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தப் பாட்டில் நான் பேஸ் கிட்டாரில் வாசிப்பது ஓரிடத்திலிருந்து வந்தது. எங்கிருந்து என்று உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். கீத்திடம்கூடச் சொல்லவில்லை. கேட்டுவிட்டு எனக்கு எழுது.

எல்சி வீட்டில் போன் வைத்துவிட்டார்களாமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன்.

உன் தம்பி,
டிரெவர்


கிரிம்ஸ்பி
15 பிப்ரவரி 1981

அன்புத் தம்பி டிரெவருக்கு அக்கா எழுதிக்கொண்டது,

இங்கே நான் சுகம், உன் சுகத்துக்குத்தான் பதில் வேண்டும். காற்று இந்த வருஷம் எலும்பைத் துளைக்கிறது. கம்பளி உள்சட்டையைப் போடு, டிவியில் அது தெரியாது.

துறைமுக வாசலில் ஒட்டியிருக்கும் கடலேற்றப் பட்டியலின் பேரை எடுத்து ‘டைட் டேபிள்ஸ்’ என்று பேண்டுக்கு வைத்தபோதே நினைத்தேன், இவர்களுக்கு ஊர் முழுக்கத் திரிந்தும் ஒரு நல்ல பேர் கிடைக்கவில்லை என்று. இப்போது ஈரச் செவ்வாயாம். நம் ஊரில் எந்தச் செவ்வாய் காய்ந்திருக்கிறது?

போன் வேண்டாமடா. எல்சி வீட்டில் போனைச் சுற்றித் தெருவே உட்கார்ந்திருக்கிறது. கடிதமென்றால் இரண்டு தரம் படிக்கலாம், தலையணைக்கு அடியில் வைக்கலாம்.

மீன் ஆலையில் ஆள் குறைப்பார்கள் என்று பேச்சு. என் எதிரில் உன் கீத்தின் அம்மா எல்சிதான் நிற்கிறாள். அந்த யந்திரச் சத்தத்தில் யாருக்கும் யார் குரலும் கேட்காது, உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்கிறோம். நேற்று எல்சி மேஸ்திரியைப் பற்றி உதட்டாலேயே ஒன்று சொன்னாள், கடிதத்தில் எழுத முடியாது. வரிசை முழுக்கச் சிரித்து மீனைக் கீழே போட்டோம். நம் சுவரை ஒட்டின ஐஸ் ஆலையும் இப்போது வாரத்தில் பாதி நாள்தான் ஓடுகிறது. ஓடாத நாளில் படுக்கையறைச் சுவர் அசையாமல் கிடக்கிறது, எனக்குத் தூக்கம் வருவதில்லை.

நாற்பதுக்குள் வரும் கவலையை என்னிடம் விடு. ரெக்கார்டு என்றைக்குக் கடைக்கு வருகிறது என்று மட்டும் எழுது.

உன் அக்கா,
நோரீன்


லண்டன்
22 மார்ச் 1981

அன்புள்ள அக்கா,

ரெக்கார்டு வந்துவிட்டது. பார்த்திருப்பாய். நாங்கள் வேறொரு பெரிய பேண்டுக்கு முன்னால் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறோம். லீட்ஸில் ஒருவன் பீர் குவளையை எறிந்தான், கீத் அதைப் பிடித்து மிச்சத்தைக் குடித்துவிட்டுப் பாடினான். கவன்ட்ரியில் மட்டும் முன் வரிசையில் ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அந்த ஒருத்திக்காக வாசித்தேன்.

போன ஞாயிறு எல்சி வீட்டுக்குப் போன் செய்தேன். உன்னைக் கூப்பிட ஆள் அனுப்பினாள். நீ கொல்லைப்பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாயாம், இரண்டு தரம் கூப்பிட்டும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். நான் காசு போட்டுக்கொண்டே நின்றேன். என் மேல் ஏதாவது வருத்தமா? அம்மா போன பிறகு உன்னைத் தனியே விட்டுவிட்டு வந்தேனென்றா? இருந்தால் நேராகத் திட்டிவிடு.

பாட்டைக் கேட்டாயா? நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவே இல்லை.

டிரெவர்


கிரிம்ஸ்பி
29 மார்ச் 1981

அன்புத் தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் மேல் எனக்கென்ன வருத்தம்? அன்று காற்று பலமாக வீசியது, அவ்வளவுதான்.

இப்போது கேள். போன வாரம் சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரையும் பூட்ஸோடும் தலைத்துணியோடும் பெட்டிஃபர் இசைக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வாசல் தாண்டித் தெருமுனைவரை கூட்டம். கடைவீதியில் பெரிய கடை இருக்கிறதே, அங்கே போகலாமென்று ஒருத்தி சொன்னாள். எல்சி அவளைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள். பையன்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது கிட்டாரைக் கடனாகக் கொடுத்தது யார்? பின்கட்டில் வாசித்துப் பழக இடம் கொடுத்தது யார்? பெட்டிஃபரை விட்டுவிட்டு வேறு கடையில் உங்கள் ரெக்கார்டை வாங்கினால் அது நமக்கு ஒட்டாது.

மனிதர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். “நோரீன், எங்கடையில இவ்வளவு கூட்டத்தக் கிறிஸ்மஸுக்குக்கூட நான் பாத்ததில்ல” என்றார். கொண்டுவந்ததெல்லாம் தீர்ந்து மறுபடி வரவழைத்தார், அதுவும் தீர்ந்தது. எல்சி வீட்டில் ரெக்கார்டு பிளேயரே இல்லை. கல்யாணப் போட்டோவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருக்கிறாள். “பாட்டு எதுக்குடி, எம்புள்ள மூஞ்சி அட்டையில இருக்குல்ல” என்கிறாள். நம் தெருவில் உங்கள் ரெக்கார்டு இல்லாத வீடே கிடையாது.

பாட்டு நன்றாக இருக்கிறது. அட்டையின் நீலம் வெகு அழகு. நீதான் தலையைச் சீவியிருக்கலாம்.

உன் அக்கா,
நோரீன்


லண்டன்
12 ஏப்ரல் 1981

அன்புள்ள அக்கா,

நாற்பத்து மூன்று.

போன வாரம் ஐம்பதுக்குப் பக்கத்தில் இருந்தது, இந்த வாரம் இது, அடுத்த வாரம் இறங்கும் என்கிறார்கள். கம்பெனி அலுவலகத்துக்குப் போனோம். அவர் ஒரு தாளை எடுத்து ஊர் ஊராக விரல் வைத்துப் பார்த்தார். எங்களிடம் ஏதோ கேட்டார். அதை விடு.

நான் ஒரு கேள்வி கேட்டேன், நீ அட்டை நீலமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். பிடிக்கவில்லையென்றால் பிடிக்கவில்லை என்று எழுது அக்கா. வெளியாள் சொன்னால் தாங்கிக்கொள்கிறேன், நீ மழுப்புவதைத்தான் தாங்க முடியவில்லை.

டிரெவர்


கிரிம்ஸ்பி
19 ஏப்ரல் 1981

அன்புத் தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். இன்று ஈஸ்டர். உனக்குப் பிடித்த பன் இரண்டு வாங்கி இரண்டையும் நானே தின்றேன்.

கணக்கில் ஏதோ கோளாறு. நம் ஊர் ஒன்றே போதுமே உங்களைத் தூக்க. லண்டன்காரர்களுக்கு நம் ஊர்க் காசு காசாகத் தெரியவில்லையா? போகட்டும். அடுத்த ரெக்கார்டுக்கு இப்போதே ஏற்பாடு செய்துவிட்டேன். ஆளுக்கு இரண்டு வாங்குவதென்று பேச்சு. பெட்டிஃபரிடம் பெயர் கொடுத்தாகிவிட்டது. இந்தத் தரம் நாற்பது என்ன, முப்பதுக்குள் ஏற்றிக் காட்டுகிறேன்.

பாட்டைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். எனக்குப் பாட்டெல்லாம் என்ன தெரியும்?

உன் அக்கா,
நோரீன்


லண்டன்
14 ஜூன் 1981

அன்புள்ள அக்கா,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் எழுதாததற்கு மன்னித்துவிடு.

பேண்டு இல்லை. கீத்துக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. அவன் ஒன்று சொன்னான், நான் ஒன்று சொன்னேன், முடிந்துவிட்டது. இனி யாரும் எதையும் வாங்க வேண்டாம். பெட்டிஃபரிடம் கொடுத்த பெயர்களைத் திரும்ப வாங்கிவிடு.

வில்ஸ்டனில் ஒரு கம்பளக் கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறது. சுருட்டுவது, தூக்குவது, அடுக்குவது. கிட்டார் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. இப்போதைக்கு ஊருக்கு வரவில்லை. எந்த முகத்தோடு வருவது?

டிரெவர்


கிரிம்ஸ்பி
5 ஜூலை 1981

அன்புத் தம்பிக்கு,

வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கம்பளத் தூசு நெஞ்சுக்கு ஆகாது, வாயில் துணி கட்டிக்கொள்.

கீத் ஊருக்கு வந்துவிட்டான். கொல்லைவாசலில் வந்து நின்றான். “ஒம் மூஞ்சியில முழிக்கவே எனக்கு இஷ்டமில்ல. எந்தம்பிய நடுத்தெருவுல விட்டுட்டு, நீ மட்டும் அம்மா மடிக்கு ஓடி வந்துட்ட” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தேன். அவன் போனதைக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் எல்சி ஆலையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். “எம்புள்ளைய நாய வெரட்டுற மாதிரி வெரட்டுனியாமே?” என்றாள். வார்த்தை தடித்தது. என் எதிரிலிருந்து அந்தக் கோடி வரிசைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள். இப்போது என் எதிரில் ஒரு புதுப் பெண் நிற்கிறாள், தலையைக் குனிந்துகொண்டே இருப்பவள். பகல் நீளமாகத்தான் இருக்கிறது. பரவாயில்லை, உனக்காக இது என்ன பெரிய விஷயம்?

உன் அக்கா,
நோரீன்


கிரிம்ஸ்பி
20 செப்டம்பர் 1981

அன்புத் தம்பிக்கு,

நலமா? கோடை முழுக்க உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. வேலை அதிகமாக இருக்கும்.

எழுத்து கோணலாக இருக்கிறதென்று நினைக்காதே. இடது கையால் எழுதுகிறேன். வலது கையில் சின்னக் காயம், ஆறிவிடும். ஆலைக்கு இனிப் போகவில்லை. எப்படியும் ஆள் குறைக்கத்தான் போகிறார்கள்.

உன் அக்கா


கிரிம்ஸ்பி
4 அக்டோபர் 1981

டிரெவருக்கு,

நான் நல்லாயிருக்கேன், நீ நல்லாயிருக்கியா என்றெல்லாம் எழுத எனக்குக் கை வரவில்லை. கீத்தான் எழுதுகிறேன், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

உன் அக்காவுக்குக் காது கேட்காது. உனக்குத் தெரியுமா?

ஆலைச் சத்தம் தின்றுவிட்டது. வருஷக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனதாம், உதட்டைப் பார்த்தே நம்மையெல்லாம் ஏமாற்றியிருக்கிறாள். என் அம்மா அழுதுகொண்டே சொன்னாள்: “பத்து வருஷமா அவ காது நாந்தாண்டா. மேஸ்திரி கத்துனா நான் கண்ணக் காட்டுவேன், மணி அடிச்சா கையத் தட்டுவேன். வெளிய தெரிஞ்சா வேலை போயிரும்னு ஒருத்தர்ட்டயும் சொல்லல.” அம்மா வரிசை மாறிப் போன பிறகு ஒருநாள், மீனைக் கொண்டுபோகும் யந்திரப் பட்டை நின்றிருந்துவிட்டுக் கிளம்பியது. எல்லோரும் மணி கேட்டுக் கையை எடுத்தார்கள். உன் அக்கா எடுக்கவில்லை. வலது கையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. அதுதான் அவள் உனக்கு எழுதிய ‘சின்னக் காயம்.’

அன்று கொல்லைவாசலில் நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன் டிரெவர். நமக்குள் சண்டையே இல்லை, கம்பெனிதான் நம்மை வெளியே போகச் சொன்னது என்று சொன்னேன். அவள் பாட்டுக்குத் தட்டைக் கழுவினாள். எவ்வளவு திமிர் என்று நினைத்துக்கொண்டு போனேன். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நீ ஏன் சண்டையென்று எழுதினாய் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. “ஒங்க ஊர்ல ஒண்ணுகூட விக்கலையே, ஒங்கள ஒங்க ஊருக்கே பிடிக்கலையா?” என்று அந்தக் கம்பெனிக்காரர் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டபோது நானும்தான் பக்கத்தில் இருந்தேன். எல்லாக் கடையும் கணக்கில் வராது, நாட்டில் சில கடைகளில் விற்பதை மட்டும்தான் எழுதி எடுத்து வரிசை போடுகிறார்கள் என்று நமக்கு அன்றைக்குத்தான் தெரியும். கடைவீதிப் பெரிய கடையில் விற்றால் கணக்கு, பெட்டிஃபர் கடையில் விற்றால் கடலில் போட்டது. ஊரே வாங்கியது, ஒன்றும் விற்கவில்லை. உங்க பாசம்தான் எங்களைக் கவிழ்த்தது என்று உன் அக்காவிடம் உன்னால் சொல்ல முடியவில்லை. சரி. அதற்கு என்னை வில்லனாக்கினாய். அதுகூடப் பரவாயில்லை, ஆனால் என் அம்மாவையும் அவளையும் பிரித்துவிட்டாய்.

நேற்று அவள் எதிரில் உட்கார்ந்து, முகத்தைப் பார்க்கவைத்து, மறுபடியும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடை விஷயத்தையும் சொன்னேன். எத்தனை நாளைக்கு மறைப்பது? அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். பிறகு, “பெட்டிஃபருக்குத் தெரிய வேணாம்டா, மனுசன் செத்துருவாரு” என்றாள்.

கீத்


லண்டன்
11 அக்டோபர் 1981

அக்கா,

கீத் எழுதியிருந்தான்.

பாட்டு எப்படி, பாட்டு எப்படி என்று உன்னைத் துளைத்தேனே. போனுக்கு வரவில்லையென்று கோபப்பட்டேனே. நீ ஒரு வரி எழுதியிருக்கலாம். நானும்தான் ஒரு வரி எழுதியிருக்கலாம். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்ததைக் காட்டிவிட்டோம்.

எதைக் கேட்பதென்றும் தெரியவில்லை. பழைய கேள்வியை மறந்துவிடு. கை வலிக்கிறதா?

டிரெவர்


கிரிம்ஸ்பி
8 நவம்பர் 1981

அன்புத் தம்பி டிரெவருக்கு அக்கா எழுதிக்கொண்டது,

கை வலி குறைந்திருக்கிறது. குளிர் வந்தால், போன விரல் நுனி இரண்டும் அரிக்கின்றன, சொறிய அங்கே ஒன்றும் இல்லை. உன் நெஞ்சு எப்படி இருக்கிறது?

சொல்லாமல் விட்டதற்குக் காரணம் கேட்காதே. முதலில் வேலை போகுமென்ற பயம். பிறகு, பாட்டுக்காரன் அக்கா செவிடி என்று உன்னை யாராவது கேலி செய்வார்களோ என்ற பயம். அதுவே பழக்கமாகிவிட்டது. எல்சி என்னோடு பேசிவிட்டாள். “ஒன் வாய் மட்டும் நல்லாத்தாண்டி வேலை செய்யுது” என்றாள். அவள் அழுதாள், நானும் அழுதேன், பிறகு சிப்ஸ் வாங்கித் தின்றோம்.

ஊரில் நல்ல செய்தி இல்லை. பெட்டிஃபர் கடையை மூடுகிறார். உங்கள் ரெக்கார்டு விற்ற அந்தச் சனிக்கிழமைதான் தன் வாழ்க்கையிலேயே பெரிய நாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் தலையாட்டிக்கொண்டே நின்றேன். கடையில் வைத்திருந்த பழைய பிளேயரை, மரப்பெட்டி வைத்த பெரியது, எனக்கென்று கொடுத்தனுப்பினார். கீத்தான் தூக்கி வந்தான்.

வியாழக்கிழமை கீத்தும் எல்சியும் நானும் உட்கார்ந்து உன் பாட்டைப் போட்டோம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுவரை நான் அதை உறையிலிருந்தே எடுத்ததில்லை. எடுத்து என்ன செய்ய? கீத் பாடுவது எனக்கு எட்டவில்லை. அவன் வாய் பெரிதாகத் திறந்திருக்கும் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எரிச்சலாக வந்தது. ஊருக்கே வாங்கிக் கொடுத்தவள் கேட்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேனே என்று எழுந்திருக்கப் போனேன்.

கீத் என் இடது கையைப் பிடித்துப் பெட்டியின் மேல் வைத்தான். “மேல இருக்கிறதெல்லாம் நாங்க. அத விட்டுருங்க. கீழ குதிக்குது பாருங்க, அதான் டிரெவர்” என்றான்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு உள்ளங்கைக்கு வந்தது. இரண்டு கனமான அடி, ஒரு சின்ன இடைவெளி, மறுபடி இரண்டு, பிறகு ஒரு நீள உருட்டல். டேய், அது நம் படுக்கையறைச் சுவர். அப்பா ஐஸ் ஆலையில் இரவு ஷிஃப்டுக்குப் போன காலத்தில், பனிப்பாளத்தை உடைத்துச் சறுக்கில் கொட்டுவது அப்படித்தான் சுவர் வழியாக வரும். நீ பயந்து அழுவாய். நான் உன் கையை எடுத்துச் சுவரில் வைப்பேன். நீ கேட்டதற்கு இதுதானே பதில்? பிப்ரவரியில் கேட்டாய், நவம்பரில் சொல்கிறேன்.

ஐஸ் ஆலையில் நம் பக்கத்து யந்திரத்தைப் போன மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். சுவர் இனி அசையாது. உன் பாட்டுக்குள் மட்டும்தான் அது இருக்கிறது. தெருவில் எல்லார் வீட்டு அலமாரியிலும் இருக்கிறது, யாருக்கும் தெரியாது. நாற்பத்து மூன்றோ நானூறோ, நீ நல்ல வேலைக்காரன் தம்பி. தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை.

கிறிஸ்மஸுக்கு வருவாயோ மாட்டாயோ, வற்புறுத்த மாட்டேன். வந்தால் கட்டிலுக்கு அடியில் கிடப்பதை எடுத்துக்கொண்டு வா. எனக்குக் கேட்பது அது ஒன்றுதான்.

பாட்டு முடிந்து தட்டு சும்மா சுற்றும்வரை கையை எடுக்கவில்லை. அந்த நாளில் உன்னிடம் சொல்வேனே, அது என் வாயில் தானாக வந்துவிட்டது. “அப்பா உள்ளதான் இருக்காரு, தூங்கு” என்றேன். கீத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

உன் அக்கா,
நோரீன்